குதிரை வெளியிலா, வயிற்றுக்குள்ளா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024, ஞாயிறு

கொருக்குப்பேட்டையில் எண்ணெய் மண்டி வைத்திருக்கிறேன். வசூல் பணத்தோடு இரவில் தனியாக வீடு திரும்ப வேண்டியிருப்பதால் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். ஒன்றரை ஆண்டு அலைந்து இப்போதுதான் கைக்கு வந்தது. ரிவால்வர் வாங்கப்போகிறேன். சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ள, தோட்டாவை அடிக்கிற குதிரை இல்லாத வகைதான் ஏற்றது, குதிரை நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் தாத்தா காலத்துச் சரக்கு என்கிறார் மைத்துனர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், 11 பிப்ரவரி, இரவு

மைத்துனர் அமெரிக்காவில் இருக்கிறாரா? காரணத்தோடுதான் கேட்கிறேன், பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அவர் சொல்கிற ரிவால்வரிலும் குதிரை உண்டு. சட்டகத்தின் முதுகை மூடிவிட்டதால் வெளியே தெரியாது, அவ்வளவுதான். விசையை இழுத்தால் உள்ளேயே எழும், உள்ளேயே அடிக்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்த முடியாது என்பதுதான் வேறுபாடு.

எனக்குப் பழைய வண்ணாரப்பேட்டையில் அடகுக்கடை. என்னிடம் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒன்று நானே வாங்கிய, கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 (குழல் துளையின் அளவு, அங்குலக் கணக்கில்), குதிரை வெளியில். மற்றொன்று அப்பாவிடமிருந்து வந்த பழைய அமெரிக்கச் சரக்கு, குதிரை உள்ளே. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே என் கணக்கு முடிந்தது.

என் ஓட்டு வெளியில் இருக்கும் குதிரைக்கு. ரிவால்வரை உறைக்குள் திரும்பச் செருகும்போது கட்டைவிரலைக் குதிரையின் முதுகில் வைத்துக்கொள்ளலாம். சட்டை நுனியோ உறையின் வாரோ விசைக்குள் மாட்டிக்கொண்டு இழுபட்டால் குதிரை எழும்ப முயலும், உடனே விரலுக்குத் தெரிந்துவிடும், அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். மூடிய வகையில் இந்த எச்சரிக்கை கிடையாது. எடுக்கும்போது அவசரம் இருக்கலாம். செருகும்போது எந்த அவசரமும் இல்லை, ஆனாலும் அதில்தான் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள்.

12 பிப்ரவரி

விசை எவ்வளவு கனம் என்று ஒருவர் கேட்டார். ஊகமாகச் சொல்ல வேண்டாமே என்று இன்று மதியம் அளந்தேன். காசிமேட்டில் மீன் நிறுக்கிற கொக்கி வைத்த ஸ்பிரிங் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. தோட்டாக்களை எடுத்து அடுத்த அறையில் வைத்தேன். உருளையைத் திறந்து, தோட்டா உட்காருகிற ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கொக்கியை விசையில் மாட்டினேன்.

குதிரையை முன்கூட்டியே ஏற்றி, அதாவது பின்னுக்கு இழுத்து நிறுத்தி வைத்திருந்தால் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுந்துவிட்டது. ஏற்றாமல் விசையை மட்டும் முழுத் தூரமும் இழுத்தபோது முள் ஆறு கிலோவைத் தாண்டியது. ஆறு கிலோ என்றால் ஒரு நல்ல வஞ்சிரம். அதை ஒற்றை விரலால் தூக்க வேண்டும், குழல் அசையாமல்.

மூடிய வகையில் எப்போதும் அந்த வஞ்சிரம்தான். இரண்டு கிலோ என்ற வசதி அதில் இல்லை. சுடுதளத்தில் காகிதத்தை நோக்கிச் சுடுகிறவருக்கு இது பெரிய இழப்பு.

தராசில் செதில் நாற்றம் போகவில்லை. ரிவால்வரை இரண்டு முறை துடைத்தேன்.

13 பிப்ரவரி

"குதிரை என்றால் விரல் வைத்து இழுக்கிற விசை அல்லவா?" என்று ஒரு நண்பர். அகராதியில் இரண்டையும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அடிக்கிற உறுப்புதான் குதிரை, இழுக்கிற உறுப்பு விசை. சவுகார்பேட்டை வட்டாரத்து மார்வாடி நண்பர்கள் இந்தியில் 'கோடா' என்பார்கள், அதுவும் குதிரையே. கடைக்காரர்கள் 'ஹேமர்' என்கிறார்கள். சுத்தியல் என்று மொழிபெயர்த்துப் பேசுகிற ஒருவரையும் நான் கண்டதில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

நேரம் கிடைத்திருக்கிறது, அப்பாவின் ரிவால்வரைப் பற்றி எழுதுகிறேன்.

ராயபுரத்தில் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில் ஓட்டுநர் ஒருவர் 1960களில் ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டபோது அப்பாவிடம் முறையாகப் பெயர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனது. அப்பாவுக்கு எழுபது வயது ஆனதும் வாரிசு என்ற முறையில் என் உரிமத்தில் சேர்த்துக்கொண்டோம். அப்படி ஒரு வழி விதியிலேயே இருக்கிறது. வைத்திருப்பவருக்கு எழுபது வயது நிறைந்தாலோ, ஆயுதம் அவரிடம் இருபத்தைந்து ஆண்டு இருந்தாலோ வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், .32, ஐந்து தோட்டா. பொம்மை மாதிரி சிறியது. குழலை முன்பக்கம் மடக்கித் திறக்க வேண்டும். முதுகு வழவழவென்று மூடியிருக்கும். பிடியின் பின்புறத்தில் ஒரு நீளமான தகடு உண்டு, உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்தால்தான் விசை நகரும். அதனாலேயே அமெரிக்காவில் இதற்கு எலுமிச்சை பிழிகிற கருவியின் பெயரைப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். இந்த வகையின் .38 1887இலும் .32 1888இலும் வந்தன. மூடிய குதிரை ஒன்றும் புதுமை இல்லை, மைத்துனரிடம் சொல்லுங்கள். அவர் சொல்கிற தாத்தா காலத்துச் சரக்கு இதுதான்.

ஒரு விஷயத்தில் இது கான்பூர் ரிவால்வரை அடித்துவிடும். முதுகில் திறப்பே இல்லை, தூசு புகாது. வடசென்னையில் இது சின்ன விஷயம் அல்ல. துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது ராயபுரத்தில் காலையில் பெருக்கிய தரை மாலையில் கால் வைத்தால் கறுக்கும். கான்பூர் ரிவால்வரின் குதிரைப் பிளவில் அந்தக் கறுப்பைக் குச்சியில் பஞ்சு சுற்றி எடுத்திருக்கிறேன். அப்பாவின் ரிவால்வரில் எடுத்ததே இல்லை.

20 பிப்ரவரி

"இரண்டும் .32 தானே, ஒரே தோட்டாவைப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். போட முடியாது. அப்பாவுடையது குட்டை .32, தோட்டாவின் கூடு சுமார் 15 மில்லிமீட்டர். கான்பூர் ரிவால்வருக்கு நீள .32, சுமார் 23 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கிற கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டா நீளமானது. அதை அப்பாவின் உருளையில் வைத்தால் உள்ளே போய் உட்காராது.

ஆக, என் மூடிய குதிரை ரிவால்வருக்கு இன்று தோட்டா இல்லை. அப்பா விட்டுப்போன ஐந்து இருக்கின்றன, பித்தளை பச்சை பூத்துவிட்டது. அவற்றைச் சுடுகிற எண்ணம் எனக்கு இல்லை. நான் ஒப்பிட்டுப் பேசுவதெல்லாம் ஒன்றை இடுப்பில் வைத்த அனுபவமும் மற்றொன்றைத் துடைத்த அனுபவமும்தான். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

20 பிப்ரவரி, இரவு

மேலே எழுதியதில் பாதிதான் சொல்லியிருக்கிறேன். நீளம் குட்டைக்குள் போகாது. குட்டை நீளத்துக்குள் போகும், சுடவும் சுடும்.

25 பிப்ரவரி

மைத்துனர் அமெரிக்காவில்தான் இருக்கிறாராம், நியூஜெர்சி. நினைத்தேன்.

அங்கே இந்தக் கேள்விக்கு உயிர் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரே அளவுச் சின்னச் சட்டகத்தில் அண்ணன் தம்பி மாதிரி மூன்றை வெளியிட்டது. 1950இல் குதிரை வெளியே இருக்கும் சீஃப்ஸ் ஸ்பெஷல். 1952இல் முழுக்க மூடிய சென்டினியல், நிறுவனம் தொடங்கி நூறு ஆண்டு ஆனதற்கு வைத்த பெயர். 1955இல் நடுத்தம்பி மாதிரி பாடிகார்டு: பக்கங்கள் உயர்ந்து குதிரையை மறைக்கும், நுனி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும், வேண்டுமானால் விரலால் ஏற்றிக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பள்ளத்தில் சட்டைப்பை பஞ்செல்லாம் சேரும் என்று புலம்புகிறவர்களும் உண்டு. மூடிய வகையில் இன்னொரு நன்மை, கையை முதுகின் உச்சி வரை ஏற்றிப் பிடிக்கலாம், சுடும்போது குழல் துள்ளுவது குறையும். சட்டைப்பைக்குள் இருந்தபடியே சுட்டாலும் துணியில் சிக்காது என்றும் சொல்வார்கள். என் சட்டை இருநூற்று ஐம்பது ரூபாய், சோதித்துப் பார்க்க மனம் வரவில்லை.

இவை மூன்றும் .38 அளவில் வந்தவை. இங்கே .38, 9 மில்லிமீட்டர் எல்லாம் சாதாரண உரிமக்காரருக்குத் தடை செய்யப்பட்ட அளவு. நமக்கு .32. கான்பூரில் செய்த .32களில் என் கைக்கு வந்தவை எல்லாவற்றிலும் குதிரை வெளியில்தான் இருந்தது. மூடியது வேண்டுமென்றால் என்னுடையது போல ஏதாவது பழைய வெளிநாட்டுச் சரக்கு கைமாறி வரவேண்டும், அதற்குத் தோட்டா வேறு கிடைக்க வேண்டும். ஆகவே எண்ணெய் மண்டி அண்ணாச்சி, உங்கள் கேள்விக்கு ஊர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது.

26 பிப்ரவரி

அண்ணாச்சி என்றதும் கோபித்துக்கொண்டார், அவர் செங்கல்பட்டுப் பக்கமாம். எண்ணெய் மண்டி என்றதும் வாய் தானாக அண்ணாச்சி என்றுவிட்டது. மன்னிக்கவும், ஐயா.

2 மார்ச்

வெளிக்குதிரைக்கு ஓட்டுப் போட்டவன், அது எனக்குச் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். நடந்தது 2014 ஐப்பசி, நல்ல மழை.

தங்கசாலையில் ஒரு மொத்த வியாபாரியிடம் பணம் வாங்கிக்கொண்டு இரவு ஒன்பதரைக்கு நடந்து வந்தேன். ரிவால்வரை உறையில் போடுகிற ஒழுக்கம் அன்று எனக்கு இல்லை. லுங்கிக்கு மேல் கட்டுகிற பச்சை நிற அகல பெல்ட், அதற்குள் செருகி மேலே சட்டையை இழுத்துவிட்டிருந்தேன். இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை என் நடையின் வேகத்துக்கே உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நான் நின்றால் அவர்களும் நின்றார்கள். கையைச் சட்டைக்குள் விட்டேன்.

குதிரையின் நுனி என் பனியனின் கீழ் ஓரத்துக்குள் புகுந்திருந்தது. பழைய பனியன், ஓரத் தையல் பிரிந்து நூல் தொங்கியிருக்கிறது. அந்த நூல் குதிரை நுனியை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டது. இழுத்தால் பனியன் மேலே வருகிறது, ரிவால்வர் வரவில்லை. விட்டுவிட்டால் லுங்கி வழியே கீழே விழும், ஏனென்றால் பெல்ட்டிலிருந்து பாதி எடுத்துவிட்டேன். இன்னும் பலமாக இழுத்தால் விசையில் ஏதாவது படுமோ என்ற பயம் வேறு.

அந்த இருவரும் என்னைத் தாண்டி, பாலத்துப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்கள். யார், எதற்கு வந்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் வலது கையைச் சட்டைக்குள் வைத்தபடியே ஒரு டீக்கடைக்குள் ஏறினேன். டீ மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், நெஞ்சுப் பக்கம் பிடித்திருந்த கையைப் பார்த்தார், கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட ஓடினார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. "வாயுப் பிடிப்புதான் ஐயா" என்று கெஞ்சி ஒரு சோடா வாங்கிக் குடித்தேன், இடது கையால். வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் கொண்டுதான் பிரித்தேன்.

இப்போது ஆயுத விதிகள், 2016 வந்தபிறகு கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையில்தான் கொண்டுபோக வேண்டும், முழுக்க மறைந்தும் இருக்க வேண்டும். அந்த விதி இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு பனியன் போதும்.

3 மார்ச்

நுனியை அறுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்கிறார் தண்டையார்பேட்டை நண்பர். நியாயம்தான். அமெரிக்காவில் இதை வாலறுப்பது போலச் செய்கிறார்கள். குதிரை இருக்கும், கட்டைவிரல் பிடிக்கிற மூக்கு மட்டும் போய்விடும். கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை எத்தனை லேத் பட்டறை! என் சிநேகிதர் ஒருவர் கப்பல் பாகமே கடைந்து கொடுப்பவர், ஐந்து நிமிட வேலை என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

4 மார்ச்

நேற்று எழுதியதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். காலையில் துப்பாக்கி பழுதுபார்க்கிற உரிமம் உள்ள பெரியவரிடம் தொலைபேசியில் கேட்டேன், திட்டிவிட்டார். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ அதற்கென்று தனி உரிமம் வேண்டும், 1959 சட்டத்திலேயே இருக்கிறது. லேத் பட்டறைக்கு அது கிடையாது. பட்டறைக்காரரும் உள்ளே போவார், நானும் போவேன்.

இன்னொன்றும் சொன்னார். குதிரையின் எடையைக் குறைத்தால் அடி எப்படி விழும் என்று பார்க்காமல் அறுக்கக் கூடாது. சில தோட்டாக்கள் வெடிக்காமல் வெறும் 'டக்' என்று நின்றுவிடும். "அறுக்கிறவன் லேத்தைப் பார்க்கிறான், நான் ஸ்பிரிங்கைப் பார்ப்பேன்" என்றார். வேண்டுமானால் குதிரைக்கு மேலே வார் போட்டு மூடுகிற உறையை வாங்கு என்றார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு ரூபாயும் வாங்கவில்லை.

10 மார்ச்

இரண்டு கிலோ விசை வசதி என்று பிப்ரவரியில் புகழ்ந்தேன் அல்லவா. சுடுதளத்தில் நேற்று ஒரு புது உறுப்பினர் குதிரையை ஏற்றிவிட்டுச் சுட மனமில்லாமல் திரும்ப இறக்கப் பார்த்தார். வியர்வைக் கை. குதிரை கட்டைவிரலின் கீழே நழுவியது. குழல் மண்மேட்டைப் பார்த்திருந்ததால் மண்ணுக்குத்தான் அடி. அமைதியான மனிதர், அமைதியான இடம், பட்டப்பகல், அப்போதே இப்படி. இரவில் கை நடுங்கும்போது ஏற்றிவிட்டு, பிறகு ஆபத்து இல்லை என்று தெரிந்து இறக்க வேண்டி வந்தால்? மூடிய வகையில் இந்தச் சிக்கலே எழாது.

என் ஓட்டு கொஞ்சம் ஆடுகிறது.

17 மார்ச்

நேற்றுத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்துவிட்டது. கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்றால் ஜூன் வரை பொறுங்கள். வாங்கியதும் கொண்டுபோய் வைப்பதில் என்ன இருக்கிறது.

20 மார்ச்

இரண்டையும் ஒப்படைத்தேன். நிலைய ரைட்டர் கான்பூர் ரிவால்வரை உரிமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எண் எழுதினார். அப்பாவுடையதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் ஒரு பாகம் காணவில்லையே" என்றார். இல்லை ஐயா, இது அமைப்பே அப்படி, உள்ளே இருக்கிறது என்றேன். "உள்ளே இருப்பதை நான் எப்படி எழுதுவது? நாளைக்கு நீங்கள் வந்து குதிரையை நாங்கள் கழற்றிவிட்டோம் என்றால்?" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் ரசீதில் இப்படி எழுதினார்: 'குதிரை இல்லை. உரிமையாளர் உள்ளே இருப்பதாகக் கூறுகிறார்.'

அடகுக்கடையில் முப்பது ஆண்டாக நானும் இப்படித்தான் ரசீது எழுதுகிறேன். 'கல் இருப்பதாகக் கூறுகிறார்.'

21 ஏப்ரல்

வாக்குப்பதிவு முடிந்து இரண்டு நாள். இடுப்பில் ஒன்றும் இல்லாமல் ஒரு மாதம் ஆகிறது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு விம்கோ நகர் வரை மெட்ரோவிலேயே போய் வருகிறேன். ஆயுதம் இருக்கிற நாளில் அதில் ஏறுவதில்லை. போன வெள்ளி வடிவுடையம்மனைப் பார்க்கப் போனபோது கடையில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிற வேலை மிச்சம். வசூலை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன், பெரும்பாலும் வங்கிக்கே போட்டுவிடச் சொல்கிறேன். இது கேள்வியோடு சம்பந்தமில்லாத பேச்சு என்று யாராவது சொல்லும் முன் நிறுத்துகிறேன்.

9 ஜூன், ஞாயிறு

வெள்ளிக்கிழமை இரண்டையும் திரும்ப வாங்கினேன். பிப்ரவரி 18 அன்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கான்பூர் ரிவால்வரின் குதிரைப் பிளவில் மெல்லிய செந்துரு தெரிந்தது. எண்ணெய்த் துணியால் ஒரு தேய், போய்விட்டது. அப்பாவுடையது வெளியே பளபளவென்று இருந்தது. ஆனால் பிடியின் தகட்டை அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே நின்றுகொண்டது, திரும்பி வரவில்லை. திட்டிய பெரியவரிடமே கொண்டுபோனேன். பக்கத்துத் தகட்டைக் கழற்றி விளக்கின் கீழ் வைத்துக் காட்டினார். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி டீத்தூள் மாதிரி துரு, குதிரையின் அடியில் ஈரம் காய்ந்த வெள்ளைக் கோடு. காவல் நிலையத்தைக் குற்றம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "இது மூன்று மாதத் துரு இல்லை" என்றார்.

டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். பெட்டகத்தின் கீழ்த்தட்டில் இரண்டும் நனைந்தன. கான்பூர் ரிவால்வரில் தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது, ஊதினேன், துடைத்தேன், குதிரையைப் பின்னால் இழுத்து எண்ணெய் விட்டேன். அப்பாவுடையதைத் துண்டால் துடைத்து உலர்ந்துவிட்டதாக நினைத்து வைத்துவிட்டேன். மூடிய முதுகில் தூசு புகாது என்று பெருமையாக எழுதினேன் அல்லவா? தண்ணீர் புகுந்திருக்கிறது, வெளியே வர வழி இல்லாமல் இருந்திருக்கிறது.

ஸ்பிரிங் மாற்றக் கிடைக்காது, சுத்தம் செய்து தருகிறேன், சுடாதே என்றார். சரி என்றேன்.

14 ஜூன்

மறுபடி கேட்கிறார்கள்: கடைசியாக எது? சட்டமும் தோட்டாவும் சம்மதித்தால், உறையிலிருந்து எடுப்பதற்கு மூடியது, உறைக்குள் வைப்பதற்கு வெளிக்குதிரை. அவசரத்துக்கு எடுத்தது என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அதுவும் வரவில்லை. வைத்தது பல ஆயிரம் முறை. அதனால் என் ஓட்டு பழைய இடத்துக்கே போகிறது. ஆனால் குதிரையை ஏற்றுவதை விட்டுவிட்டேன். சுடுதளத்திலும் வஞ்சிரத்தையே தூக்குகிறேன், விரல் பழகிவிட்டது.

பழைய வெளிக்குதிரைச் சரக்கு வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து மலிவு ரிவால்வர்கள் பலவற்றில் குதிரைக்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இருக்காது. கீழே விழுந்து குதிரையில் அடிபட்டால் வெடிக்கும். அதனால்தான் பெரியவர்கள் குதிரைக்கு நேர் எதிரே ஓர் அறையைக் காலியாக விட்டார்கள். கஞ்சத்தனம் இல்லை அது.

23 ஜூன், ஞாயிறு

கேள்வி கேட்டவர் நேற்று நேரிலேயே கடைக்கு வந்துவிட்டார். வாங்கியாயிற்று, நிர்பீக். 2014இல் பெண்களுக்கு என்று சொல்லி வெளிவந்த அதே கான்பூர் .32தான், டைட்டானியக் கலவைச் சட்டகம். சென்ற ஆகஸ்டில் வந்த பிரபல் அதைவிடப் பெரியது, உருளை பக்கவாட்டில் திறக்கும். அதைத்தான் முதலில் பார்த்திருக்கிறார், எழுநூறு கிராம் என்றதும் வேட்டிக்கு ஆகாது என்று விட்டுவிட்டாராம். குதிரை வெளியில்தான், மேலே வார் போட்ட தோல் உறையும் வாங்கியிருக்கிறார். மைத்துனருக்குப் படம் அனுப்பியதற்கு இன்னும் பதில் இல்லையாம்.

அரைக் கிலோ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். தோட்டா இல்லை என்பதை இருவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு நகைத் தராசில் வைத்தோம். உள்ளே நகை துடைத்துக்கொண்டிருந்த பையன் வழக்கம்போலப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தான்.

"கல் எடை கழிக்க வேண்டுமா ஐயா?" என்றான்.